தமையனுக்கு ஆகாத நட்சத்திரம்

என்னைக் கொல்லக்கூடிய நட்சத்திரம் ஒன்று வானத்தில் இருக்கிறது என்பது எழுபத்தோராவது வயதில்தான் எனக்குத் தெரிய வந்தது. அதுவரைக்கும் நான் பயந்ததெல்லாம் முதலைக்கும் சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்கும்தான்.

விஷயம் வெளியே வந்தது களுதாவளைப் பிள்ளையார் கோயிலில். அன்று சதுர்த்தி. அர்ச்சனைக்கு நல்ல சனம். ஐயர் ஒவ்வொருவரிடமும் பேரும் நட்சத்திரமும் கேட்டுக்கொண்டு வருவார். மேளச் சத்தத்தில் மெல்லச் சொன்னால் அவருக்குக் கேட்காது, உரத்துத்தான் சொல்ல வேண்டும். என் தங்கச்சிக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா தன் பேரைச் சொல்லிவிட்டு, "கேட்டை" என்று நன்றாக உரத்துச் சொன்னாராம். தங்கச்சி எட்டிப் பார்த்திருக்கிறாள். அந்த அம்மாவின் அர்ச்சனைத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றது என் தம்பி.

தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை. அறுபத்து நாலு வயது. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு எடுத்தவன். மனைவி செத்து ஆறு வருடம். பிள்ளைகள் இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு வாசல் பெண்ணுக்குத்தான். ஆண் கலியாணம் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகிறவன். அதனால் மனைவி போன பிறகு அவனுக்கு அந்த வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு தகரப் பெட்டியையும் ஒரு குடையையும் எடுத்துக்கொண்டு களுதாவளையில் எங்கள் அம்மாவின் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டான். அம்மாவின் வீடு இப்போது தங்கச்சியின் வீடு. அவள்தான் அவனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் வவுணதீவில், என் மனைவியின் வீட்டில் இருக்கிறேன். ஐம்பது வருடமாக இருந்தும் ஊரில் சிலர் இன்னும் என்னை 'எழுவான்கரையான்' என்றுதான் சொல்வார்கள். வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம் எழுவான்கரை, மேற்கே வயல் பக்கம் படுவான்கரை, வவுணதீவு இந்தப் பக்கம். வாவி என்று நான் இங்கே எழுதுகிறேனே தவிர, நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றில்தான் என் பிழைப்பு. வீச்சுவலை, ஒரு தோணி, இறால் காலத்தில் இறால், மற்றக் காலத்தில் மணலையோ கெளுத்தியோ அகப்பட்டது.

அன்று பின்னேரமே தங்கச்சியிடமிருந்து ஃபோன் வந்தது.

"பெரியண்ணே, இரிக்கிங்களா?"

"இரிக்கன் கா. ஏன்?"

"ஒண்டுமில்ல. இரிக்கிங்களா எண்டுதான் கேட்டன்."

வைத்துவிட்டாள். அடுத்த நாள் காலையிலும் அதே கேள்வி. மூன்றாம் நாள் என் மனைவி ஃபோனை வாங்கி, "இரிக்கார் புள்ள, கஞ்சி குடிச்சிட்டு இரிக்கார். என்ன விசயம் எண்டு சொல்லு" என்று கேட்ட பிறகுதான் தங்கச்சி அழத் தொடங்கினாள்.

கேட்டையில் பிறந்த பெண் வந்தால் மாப்பிள்ளையின் தமையனுக்குக் கூடாது என்று சனம் நம்புகிறது. தம்பிக்கு நான் ஒரே தமையன். ஆகவே தம்பி அந்த அம்மாவைக் கட்டினால் போகப்போவது நான். கணக்கு அவ்வளவுதான்.

அந்த அம்மா யார் என்று மெல்ல மெல்லத் தெரிந்தது. செட்டிபாளையத்தில் இருக்கிறார். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்ற டீச்சர். புருஷன் காலமாகி நெடுங்காலம். தம்பிக்கும் அவருக்கும் பழக்கம் வந்தது ஆஸ்பத்திரியில், சீனி கிளினிக் வரிசையில். செவ்வாய்க்கிழமைகளில் விடியப் போய் நம்பர் எடுத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் அவர் தன் கிளினிக் கொப்பியை விட்டுவிட்டுப் போக, இவன் எடுத்து வைத்திருந்து கொடுத்திருக்கிறான். தபால்காரப் புத்தி. உரியவரிடம் சேர்க்கும்வரைக்கும் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. அதிலிருந்து இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நம்பராம்.

என் மனைவிக்குச் சிரிப்பு. "இஞ்ச பாருங்க, சீனி பார்க்கப் போன இடத்தில இவர் சீனி தேடி இரிக்கார்" என்றாள்.

தங்கச்சி சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். என் மனைவி அவளுக்கு நியாயம் சொன்னாள்.

"கேட்டைக்காரி இந்தக் கரைக்கா வரப்போறா? மாப்பிளைதானே கா பொம்பிளை வீட்டுக்குப் போறது. தம்பி அங்க செட்டிபாளையத்தில இரிப்பார். இவர் இஞ்ச. நடுவால இவ்வளவு ஆறு கிடக்கு."

"நட்சத்திரத்துக்கு ஆறு ஒரு கணக்கா மச்சாள்?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் வலைக்குப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா சாகும்போது எனக்குப் பதினொன்று, அவனுக்கு நாலு, தங்கச்சி கைக்குழந்தை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன், அதனால் அப்பாவின் தோணி எனக்கு வந்தது. தம்பியும் கொஞ்சம் வளர்ந்த பிறகு அவனையும் தோணியில் ஏற்றிப் பார்த்தேன். அவனுக்குக் குமட்டல் வரும். கடலில் என்றால் சரி, ஆற்றில் தோணி ஏறிச் சத்தி எடுக்கிற ஒருவனை எங்கள் இரண்டு கரையிலும் யாரும் கண்டதில்லை. மீன் பிடிக்கிறவர்கள் தோணியைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்துவிட்டுப் போவார்கள். "டேய், மீனுக்குச் சாப்பாடு போடத்தான் தம்பியைக் கொண்டு வாறியா?" என்று கேட்பார்கள். வேறு வழியில்லாமல் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். படிப்பு அவனுக்கு ஏறியது. சனம் பின்னால் அதைப் பெரிதாகச் சொல்லத் தொடங்கியது. தமையன் தன் படிப்பை விட்டுத் தம்பியைப் படிப்பித்தான், தன்னை உருக்கினான் என்றெல்லாம். கலியாண வீட்டில், செத்த வீட்டில், எங்கே போனாலும் இதைச் சொல்லுவார்கள். தம்பி தலையைக் குனிந்துகொண்டு கேட்பான். அவன் அதை நம்பிவிட்டான் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் குமட்டல் கதையை முன்னமே நாலு பேருக்குச் சொல்லியிருப்பேன்.

ஆனி மாதம் என் கையில் கெளுத்தி குத்தியது.

கெளுத்தி குத்துவது எனக்குப் புதிது இல்லை. அந்த மீனுக்கு முதுகில் ஒரு முள், இரண்டு பக்கமும் இரண்டு. வலையிலிருந்து கழற்றும்போது பிடிக்கிற இடத்தில் பிடிக்காவிட்டால் ஏற்றிவிடும். என் இரண்டு கையிலும் எத்தனை தடவை ஏறியிருக்கும் என்று எண்ண முடியாது. அந்தத் தடவைகளில் எந்த நட்சத்திரத்தையும் யாரும் விசாரிக்கவில்லை. இந்த முறை எனக்கும் உடம்பில் சீனி இருந்தது. உள்ளங்கை பூசணிக்காய் மாதிரி வீங்கி, காய்ச்சலும் வந்து, ஆஸ்பத்திரியில் கிடத்தி வெட்டிச் சீழ் எடுத்தார்கள்.

தங்கச்சி வார்ட்டுக்குள் வந்ததும் என் கையைப் பார்க்கவில்லை, தம்பியைத்தான் பார்த்தாள். "இன்னும் கட்டவே இல்ல. அதுக்குள்ள பாத்தியளா சின்னண்ணே?" என்று கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

தம்பி கட்டிலுக்குப் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். தோடம்பழம் ஒன்றை உரித்துச் சுளை சுளையாக எனக்குத் தந்தான். முடிந்த பிறகு தோலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னான்.

"அண்ணே, நான் அத விட்டுட்டன்."

"எத?"

"அதத்தான்."

"கெளுத்தி குத்தினதுக்கும் டீச்சருக்கும் என்னடா சம்பந்தம்?"

"எனக்குத் தெரியா. எனக்கு ஒரு அண்ணன்தான் இரிக்கு."

சொன்னபடி விட்டும்விட்டான். செவ்வாய்க்கிழமை போனால் அவரைக் காண வேண்டிவரும் என்று கிளினிக்குக்குப் போவதையும் விட்டான். வேறு நாளுக்கு மாற்றவில்லை, அடியோடு விட்டான். மருந்துக் குளிசை முடிந்தது. எடுக்கவில்லை. ஆடி மாதம் பிறந்து தங்கச்சி வீட்டுக்கு நான் போனபோது அவன் இடுப்பில் சாறன் நிற்கவில்லை. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தான். பத்திரிகையைக் கண்ணுக்கு நேரே பிடித்துவிட்டு மடித்து வைத்தான். எழுத்து மங்குகிறதா என்று கேட்டேன். "லைட் சரியில்ல அண்ணே" என்றான். பகல் பதினொரு மணி.

தங்கச்சிக்கும் அது விளங்காமல் இல்லை. ஆனால் அவள் கணக்கில் ஒரு பக்கம் தம்பியின் சீனி, மறுபக்கம் என் உயிர். எதைத் தூக்கி எதை வைப்பது என்று தெரியாமல் மீன்குழம்பை இரண்டு தரம் கொதிக்க வைத்தாள்.

நான் செட்டிபாளையம் போனேன். யாருக்கும் சொல்லவில்லை. ஏன் போனேன் என்று உண்மையைச் சொல்கிறேன். ஒன்று, தம்பிக்காக. மற்றது, அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க. எனக்கும் பயம் இருந்தது. இல்லை என்றால் பொய். கை வெட்டியது ஆறியும் ஆறாமலும் இருக்க, பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கொல்லப் போகிறவளின் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு போனேன்.

ஒல்லியான அம்மா. கண்ணாடி. வளவில் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாளியை வைத்தார்.

"வாங்க அண்ணன். கை எப்பிடி?"

"கையப் பத்தி ஆரு சொன்ன?"

"கெளுத்தி குத்தினதுக்கும் நான்தான் காரணமாம் எண்டு பஸ்ஸில கதைச்சாங்க. முன் சீட்டில நான்தான் இரிந்தன். இறங்கக்குள்ள திரும்பிப் பார்த்துச் சிரிச்சிட்டு வந்தன்."

கதிரை தந்தார், பிளேன்டி தந்தார். சீனி போடாத பிளேன்டி, தொட்டுக்கொள்ள ஒரு சிறு துண்டு பனங்கட்டி. "அதையும் பாதி கடிங்க" என்றார். நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அவருடைய கத்தரியைப் புகழ்ந்தேன். மாட்டெருவா போடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே தொடங்கினார்.

"அண்ணன், உங்கட பயம் எனக்குத் தெரியும். என்னை மூண்டு இடத்தில பேசி மூண்டு இடமும் வேணாமெண்ட. கேட்டை எண்டு. கடைசியாக் கட்டின மனிசன் வீட்டுக்கு மூத்தவர். அவருக்குத் தமையன் இல்லாதபடியாத்தான் கலியாணமே நடந்த. அந்த வெள்ளிக்காகச் சின்ன வயசில இரிந்து ஏச்சு வாங்கினவள் நான். அதப் பத்தி ஒரு விசயம் விடாமப் படிச்சிரிக்கன். அப்பிடி என்னதான் செஞ்சிரிக்கு அது எண்டு பாக்க."

"எது அந்த வெள்ளி?" என்று கேட்டேன். நட்சத்திரத்தை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம்.

"காட்டட்டா? மைம்மலாகட்டும். ஏழு மணிக்கு நல்லாத் தெரியும்."

இருட்டுகிற நேரம் வளவில் கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தோம். மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று பகலெல்லாம் சுட்டுவிட்டு அப்போதுதான் தணிந்திருந்தது. கடல் பக்கம் இரைச்சல். தெற்கே, கொஞ்சம் கிழக்காக, தென்னை மட்டைகளுக்கு மேலே அவர் விரலை நீட்டினார். சிவப்பாக ஒரு வெள்ளி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டீச்சர், இதா கேட்டை?"

"ஓம். ஏன்?"

"இது நான் வீட்டுக்கு வாற வெள்ளி. கச்சான் காலத்தில பின்னேரம் வலை வீசிப்போட்டு இதுக்கு நேராத் தோணிட மூக்கைப் புடிச்சுத்தான் வீட்டுக்குத் திருப்புவன். அறுபது வருசமா. நாங்க சிவப்பன் எண்டு சொல்லுவம்."

அறுபது வருடமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் கரை சேர்ந்திருக்கிறேன். அதற்கு ஐயர் சொல்லும் பேர் எனக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

டீச்சருக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதில் எனக்கு விளங்கினதை மட்டும் எழுதுகிறேன். பிழை இருந்தால் என்னுடையது.

அந்த வெள்ளி நம் சூரியனைவிட நல்ல பாரமானதாம். பாரமான வெள்ளி தன்னிடம் இருப்பதை வேகமாக எரித்து முடிக்குமாம். வயது போகப் போக ஊதுமாம். "சூரியன எடுத்துப்போட்டு அவடத்த இத வெச்சா, நாம இரிக்கிற பூமியும் அதுட வயித்துக்குள்ள" என்றார். ஊதிப் பெருத்ததால் மேல்புறம் சூடு குறைந்து சிவந்துபோகுமாம். அவ்வளவு பெருத்த பிறகு அதனால் தன் மேற்புறத்தை இறுக்கிப் பிடிக்க முடியாது. மேலே உள்ளது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றாய்க் கழன்று போகும். சில நேரம் அமைதியாக, சில நேரம் ஒரு பக்கம் மட்டும் கட்டியாகக் கக்கிவிடுமாம். போகிற காற்று தூரப் போகப் போக ஆறும். ஆறினால் புழுதியாகும். இவ்வளவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மனிதர் எண்ண முடியாத காலம்.

கைபேசியில் ஒரு படம் காட்டினார். பழைய மாணவி ஒருத்தி அனுப்பியதாம். நடுவில் இந்த வெள்ளி, அதைச் சுற்றி மஞ்சளாகப் பெரிய புகைமூட்டம். அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் எரித்தால் பின்னேர வெயிலில் நிற்குமே, அப்படி.

"இவ்வளவும் அதுல இரிந்து போனதா?"

"கிட்ட இரிக்கிற புழுதியெல்லாம் அதுட. வெளியால முந்தியே கிடந்ததும் இரிக்கு. அதையெல்லாம் இதுட காத்துத்தான் தள்ளி ஒதுக்குது. வெளிச்சமும் இதுடதான், அதனாலதான் மஞ்சள். மாரி வெள்ளம் வந்து ஆத்தில மண் தள்ளினா கரை மாறுதில்லயா, அது மாதிரி. தான் மெலிஞ்சு மெலிஞ்சு, சுத்துப்புறத்த வேற மாதிரி ஆக்குது."

எனக்கு மாரி வெள்ளம் என்றதும் விளங்கிவிட்டது. மேற்கிலிருந்து வருகிற வெள்ளம் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து ஆற்றில் போடும். போன வருடம் தோணி ஓடின இடத்தில் இந்த வருடம் மண் திட்டி நிற்கும். இரண்டு மாரி கழிந்தால் அதில் கண்டல் முளைக்கும், கண்டலுக்குள் இறால் குஞ்சு வரும். மண் போன மேட்டில் என்ன குறைந்தது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

"அந்தப் புழுதி என்ன ஆகும்?"

"கிடக்கும். காலம் போக அதுவும் சேர்ந்து வேற வெள்ளி உருவாகும், மண்ணாகும், கல்லாகும். நாம மிதிக்கிற மண்ணும் எப்பவோ இப்பிடி ஏதோ பழைய வெள்ளி விட்டதுதான்."

இந்த 'விட்டது' என்ற சொல் எனக்கு இடித்தது. நான் கேட்டேன், "டீச்சர், அது விடுறதா, இல்லாட்டித் தன்பாட்டில போறதா?"

அவர் கைபேசியை மடியில் வைத்தார். "நல்ல கேள்வி அண்ணன். அதுக்கு மனசொண்டும் இல்ல. புடிக்க ஏலா, போகுது. அவ்வளவுதான்."

எனக்கு அப்போது அந்தக் குமட்டல் ஞாபகம் வந்தது. நான் தம்பிக்கு என்ன விட்டேன்? பதினொரு வயதில் என்னிடம் எதைப் பிடித்து வைக்கிற பலம் இருந்தது? போனது, போயிற்று. அது அவன் பக்கம் போய்ப் படிந்தது. அதைச் சனம் தியாகம் என்று சொல்ல, அந்தப் பாரத்தை அவன் ஐம்பது வருடமாகத் தூக்கிக்கொண்டு, இப்போது அதற்காகக் குளிசையையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

"இன்னொண்டும் இரிக்கு" என்றார் டீச்சர். "இந்த வெள்ளி தனிய இல்ல. பக்கத்தில கூடப்பிறந்த சின்னவர் ஒராள் இரிக்கார். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சின்னவர்தான், ஆனா சூடு கூட. பெரியவர் ஊதுற காத்துக்குள்ளதான் அவர் இரிப்பு. அந்தக் காத்தில ஒரு பக்கத்தச் சூடாக்கி மினுங்க வைக்கிறது அந்தச் சின்னவர்தான். அதப் பாத்துத்தான் பெரியவரிட்ட இரிந்து எவ்வளவு போகுதெண்டு கணக்குப் பாக்கிறாங்க."

"அப்ப கேட்டையிட்ட ரெண்டு பேரும் சாகாம இரிக்காங்க."

"இண்டைக்கு இரிக்காங்க" என்று சிரித்தார். "பெரியவர் எப்பவோ ஒரு நாள் வெடிப்பார். நம்மட பேரன்ட பேரனும் அதக் காணமாட்டான்."

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் மாறிவிட்டது. "அண்ணன், என்னைக் கட்டச் சொல்லிக் கேக்கல்ல. அவர மருந்தெடுக்கச் சொல்லுங்க. நான் வேற நாளுக்குக் கிளினிக்க மாத்திக் கேட்டிரிக்கன். செவ்வாய் அவரே போகட்டும்."

நான் முகத்தைப் பார்க்க வந்தேன் என்று சொன்னேன் அல்லவா? அப்போதுதான் பார்த்தேன்.

"உங்களுக்கு ஆக்கள் ஆரு இரிக்கா?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும். வட்டாவில் வெற்றிலை வைத்து, பெண்ணின் அப்பாவோ தமையனோ போவது முறை.

"ஆருமில்ல. வீட்டுக்கு நான்தான் மூத்தவ. தங்கச்சி கனடாவில."

பஸ் ஹோல்ட்டுக்கு வந்து நின்றேன். எனக்கு எதுவும் சுணங்கித்தான் விளங்கும். ஒரு பஸ் போனது, நான் கை காட்டவில்லை. யோசித்துக்கொண்டு நின்றேன். கேட்டை மாப்பிள்ளையின் தமையனுக்குத்தானே கூடாது. பெண்ணின் தமையனைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. இரண்டாவது பஸ்ஸில் ஏறும்போது நான் பெண் வீட்டுக்காரனாகிவிட்டேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் அடுப்படியில் இருந்து சிரித்த சிரிப்பில் பூனை எழும்பி ஓடியது. ஆனால் சிரித்து முடித்தவுடன் பித்தளை வட்டாவை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள்.

அடுத்த நாளே களுதாவளைக்குப் போனோம். கட்டுப் போட்ட கையால் வட்டாவைச் சரியாகப் பிடிக்க முடியாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு படலைக்குள் நுழைந்தேன். தம்பி விறாந்தைக் கதிரையில் கிடந்தான். தங்கச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன பெரியண்ணே, வட்டாவோட?"

"பெரியண்ணன் இல்ல. பொம்பிளைப் பக்கத்தால வந்திரிக்கம். மாப்பிளை கேட்டு."

"ஆருக்கு?"

"என்ட தங்கச்சிக்கு."

"உங்கட தங்கச்சி நான்தானே!"

"செட்டிபாளையத்தில இன்னொராள் இரிக்கு. நேத்துப் பின்னேரம் ஏழு மணிக்குத்தான் தங்கச்சியானவ."

தங்கச்சி சுளகை வைத்துவிட்டு எழும்பினாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவளுக்கு விளங்கியது. விளங்கினதும் முகம் சிவந்தது.

"பிறந்த முறை மாறுமா? நீங்க சின்னண்ணன்ட தமையன். அதுதான் முறை."

என் மனைவி விட்டாளா? "ஏன் மாறாது? உன்ட மூத்தவன்ட கலியாணத்தில உன்ட புருசன் பொம்பிளைப் பக்கம் நிண்டுதானே சோறு திண்டார். இந்தப் பக்கம் கறி சரியில்லயெண்டு. அப்ப முறை எங்க போன?"

"அது கறிக்கு மச்சாள்! இது உயிர்!"

"ஓம் கா, உயிர்தான்" என்றேன் நான். வட்டாவைக் கீழே வைத்தேன். கை வலித்தது. "புள்ள, நான் சாகிறதுக்குக் கேட்டை தேவல்ல, என்ட வயசு காணும். சீனியும் இரிக்கு, கெளுத்தியும் இரிக்கு. ஆனா இவன் மருந்தில்லாமக் கிடந்து கண் போய், கால் போய்ச் செத்தா, அது நான் உயிரோட இரிக்க வேணுமெண்டு செத்த சாவு. அதுக்குப் பிறகு நான் இரிந்து என்னத்துக்கு? நீதான் சொல்லு."

அவள் அழுதாள். அழுகைக்குள் ஒரு சொல் வந்தது. "இவரும் போனா இந்த வீட்டில நான் ஆருக்குச் சமைக்க?" புருஷன் இல்லை, பிள்ளைகள் இரண்டும் கட்டாரில். இவ்வளவு நாளும் அவள் கேட்டை கேட்டை என்று சொன்னதில் இதுவும் கலந்திருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என்மேல் வைத்த பயமும் பொய் இல்லை. இரண்டும் உண்மை. என் மனைவி போய் அவள் தோளைப் பிடித்தாள். செட்டிபாளையம் கடல் தாண்டியா இருக்கிறது, சைக்கிளில் போகிற தூரம், பகல் சோறு இங்கேதான் தின்னுவார் என்று சத்தியம் பண்ணினாள்.

நான் தம்பியைப் பார்த்தேன்.

"டேய். அந்தக் காலத்துக் கதையொண்டு சொல்றன் கேள். உன்னப் படிக்க வெச்சது நான் இல்ல. உன்ட குமட்டல். தோணியில நீ நாறடிக்காம இரிந்திருந்தா இண்டைக்கு நீயும் வலைதான் வீசிக்கொண்டிரிப்பாய். எனக்கு நீ ஒண்டும் குடுக்க வேண்டியதில்ல. உசிரையும்தான்."

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். கையைப் பார்த்தான். பிறகு குனிந்து, மங்கின கண்ணை இடுக்கிக்கொண்டு, வட்டாவுக்குள் வெகுநேரம் பார்த்தான்.

"மச்சான்" என்றான்.

அறுபத்து நாலு வருடத்தில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. பெண்ணின் தமையனைத்தான் மாப்பிள்ளை அப்படிக் கூப்பிடுவான்.

"மச்சான், வெத்திலை இரிக்கு. பாக்கெங்க?"

பார்த்தேன். இல்லைதான். வட்டா தேய்த்த அவசரத்தில் பாக்கை வைக்க மறந்துவிட்டோம். நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

தங்கச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

"மாப்பிளை கேட்டு வாறாக்கள் பாக்கும் இல்லாமலா வாற?" என்று உள்ளேயிருந்து ஏசினாள். "பொம்பிளைப் பக்கத்தார் எண்டா இப்பிடித்தான். எல்லாத்தையும் நாங்கதான் பாக்க வேணும்."